பாட்டும் சான்றும்: கம்மியர் பால் ரிவியர் வாழ்வு

பாட்டினை வரலாற்றுச் சான்றாக எவ்வளவு கொள்ளலாம் என்பது தமிழாராய்ச்சியில் பலகாலும் எழும் வினாவாகும். சங்கப் பாடல்களைக் கொண்டு மன்னர் வரலாறு வகுக்க முற்படுவோர் இதனை எதிர்கொண்டே தீர்தல் வேண்டும். அப்பாடல்கள் பலவற்றிற்கு ஒப்புநோக்கத்தக்க பிற சான்றுகள் நமக்கு அரியனவாக உள்ளன. ஆதலின், பாட்டும் பிற சான்றும் ஒருங்கே கிடைக்கும் ஒரு வாழ்வினை ஆராய்தல் பயனுடைத்து. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுள் ஒன்றான மாசசூசெட்ஸில், பாஸ்டன் நகரில் வாழ்ந்த வெள்ளிக் கம்மியர் பால் ரிவியரின் வாழ்வு அத்தகையது.

இவரைப் புகழ்பெறச் செய்தது லாங்பெல்லோ 1860ஆம் ஆண்டில் எழுதி, 1861 சனவரியில் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் வெளிவந்த பாட்டாகும். அதில் ரிவியர் ஆற்றின் மறுகரையில் குதிரையுடன் காத்து நிற்கின்றார். தேவாலயக் கோபுரத்தில் நண்பர் ஏற்றிய விளக்குகளைக் காண்கின்றார். தனியராய் ஊர்தோறும் விரைந்து, படைவரவை அறிவித்துக் கான்கார்டு சென்று சேர்கின்றார்.

1775 ஏப்பிரல் 18ஆம் நாள் இரவு நடந்தது வேறு. விளக்கு ரிவியருக்குக் காட்டப்பட்டதன்று. ரிவியரின் ஏற்பாட்டால் மறுகரையிலுள்ள சார்லஸ்டவுன் மக்களுக்குக் காட்டப்பட்டது. தாம் நகரை விட்டு வெளியேற இயலாது போயினும் செய்தி சென்று சேர வேண்டும் என்பதே அவர்தம் கருத்து. அதே செய்தியுடன் வில்லியம் டாஸ் என்பவரும் நிலவழியே அனுப்பப்பட்டார். இருவரும் லெக்சிங்டனை அடைந்து, சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக் ஆகிய தலைவர்களை எச்சரித்தனர். அப்பால் செல்லும் வழியில் சாமுவேல் பிரெஸ்காட் என்னும் மருத்துவர் உடன் சேர்ந்தார். ஆங்கிலேயக் காவற்படை மறித்தபோது ரிவியர் பிடிபட்டார்; கான்கார்டு வரை சென்றவர் பிரெஸ்காட்டே. இவற்றை ரிவியரே பின்னர் ஜெரமி பெல்க்னாப் என்பாருக்கு எழுதிய மடலில் கூறியுள்ளார். அம்மடல் லாங்பெல்லோ பாடுவதற்குப் பல்லாண்டு முன்னரே அச்சேறியதாகும்.

அம்மடலில் நாம் சிறப்பாக நோக்க வேண்டிய செய்தி வேறொன்றுண்டு. 1774–75 குளிர்காலத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் கைவினைஞர், ஒரு குழுவாகக் கூடி, இரவுதோறும் முறைவைத்து நகரைச் சுற்றிப் படையினரின் நடமாட்டத்தைக் கண்காணித்தனர் என்பதே அது. ரிவியர் அவர்களுள் ஒருவர். பிரெஞ்சு நாட்டிலிருந்து சிறுவனாக வந்து வெள்ளிவேலை பயின்ற தந்தையிடம் தொழில் கற்றவர்; ஆங்கில அரசின் சுற்றறிக்கைத் தடையாணைக்குப் பணிய மறுத்த 92 சட்டமன்ற உறுப்பினரைப் போற்றி 1768இல் வெள்ளிக் கிண்ணம் வனைந்தவர். பட்டறையும் அதனாற் பெற்ற பழக்கமுமே அவரைக் கைவினைஞர்க்கும் தலைவர்க்கும் இடையே நம்பிக்கைக்குரிய தூதராக்கின எனக் கருதுகின்றோம். 1773ஆம் ஆண்டுத் தேயிலைக் கிளர்ச்சிச் செய்தியை நியூயார்க்கிற்கும், 1774இல் சஃபோக் தீர்மானங்களைப் பிலடெல்பியாவிற்கும் கொண்டு சென்றவர் அவரே. 1775ஆம் ஆண்டுப் பயணம் இத்தூதுப்பணியின் தொடர்ச்சியேயன்றித் திடீரெனத் தோன்றிய தனிவீரம் அன்று.

எனினும் பாட்டைப் பொய்யென்று ஒதுக்குதல் பொருந்தாது. அடிமைமுறையை வெறுத்த லாங்பெல்லோ, உள்நாட்டுப் போர் நெருங்கிய காலத்தில், ஒருவன் விழித்தால் நாடே விழிக்கும் எனத் தம் மக்கட்கு உணர்த்த விரும்பினார். அந்நோக்கத்திற்கு ஒரு குதிரையும் ஒரு வீரனும் போதும், முப்பதின்மர் வேண்டப்படுவதில்லை.

ரிவியர் கையாண்ட முறையும் இதுவே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1770 மார்ச்சு 5ஆம் நாள் பாஸ்டனில் படையினர் சுட்டதில் ஐவர் இறந்தனர். குழப்பத்திடையே நேர்ந்த அந்நிகழ்ச்சியை ரிவியரின் செப்புத்தகட்டுப் படம், அணிவகுத்த வீரர் தலைவனின் ஆணைப்படி சுடுவதாகக் காட்டியது. ஆணையிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பெற்ற கேப்டன் பிரஸ்டன் அவ்வாண்டே விசாரணையில் விடுவிக்கப்பட்டார். அப்படத்தின் மூல வரைவு ஹென்றி பெல்காம் என்பாருடையது. ஆயின் படத்தில் அவர் பெயர் இல்லை. பெல்காம் இதுபற்றி ரிவியரைக் கடிந்து எழுதினார். ஒருவர் பெயரை மறைத்த கம்மியர், பின்னாளில் பலர் பெயரை மறைக்கும் பாட்டிற்குத் தலைவரானார்.

பாட்டு விட்டவற்றுள் அவர்தம் பிற்கால வாழ்வும் ஒன்று. 1779இல் பெனாப்ஸ்காட் படையெடுப்புத் தோல்வியுற, அதில் பங்குகொண்ட ரிவியர் மீது பழி எழுந்தது. 1782இல் படைமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. பின்னர் அவர் வார்ப்பாலை அமைத்து மணிகள் வார்த்தார், 1801இல் கான்டனில் செப்புத்தகடு உருட்டும் ஆலையை நிறுவினார், 1818இல் மறைந்தார்.

பாட்டு நிகழ்ச்சியின் பொருளைப் பேணுகின்றது. அதில் பங்குகொண்டோரின் தொகையைப் பேணுவதில்லை. எனவே, ஒரு பாடல் ஒருவனையே போற்றுமிடத்து, அவன் இருந்தான் என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாம். அவன் தனித்து நின்றான் என்பதற்குக் கொள்ளலாகாது. புறப்பாடல்களை ஆராயும் மாணவர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணின், பாடப்பெற்ற தலைவனின் பின்னே பெயரின்றி நிற்கும் கம்மியரையும் பிறரையும் தேடும் வழி புலப்படும்.