முடுக்கியின் சுவர் எவ்வளவு கனம்? கதிர்வீச்சைக் கணக்கால் அளக்கும் முறை

அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பூவாரில் அரபிக் கடலோடு கலக்கின்றது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே மணல்திட்டு ஒன்று கிடக்கின்றது. அலை புரட்டும் ஒரு மணற்பரல் அடுத்த கணம் எங்கே விழும் என்பதை எவராலும் கூற இயலாது. ஆயினும், கோடிக்கணக்கான பரல்கள் சேர்ந்து எப்பக்கத்தில் திட்டாக உயரும் என்பதை வள்ளம் செலுத்துவோர் அனுபவத்தால் ஓரளவு அறிந்தே இருக்கின்றனர். தனியொன்றின் போக்கு நிச்சயமற்றது. பெருந்தொகுதியின் போக்கு கணிக்கத்தக்கது. இவ்வுண்மையே இக்கட்டுரையில் விளக்கப்படும் முறைக்கு அடிப்படையாகும்.

பூவாருக்கு வடக்கே சவராவிலும் தெற்கே மணவாளக்குறிச்சியிலும் தோரியம் அடங்கிய மோனசைட் மணல் மிகுதியாக உள்ளது. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் மணவாளக்குறிச்சியில் இதனைக் கண்டறிந்தார். இம்மணலிலிருந்து இயற்கையாகவே கதிர்வீச்சு எழுகின்றது. சவராவை அடுத்த கருநாகப்பள்ளி வட்டாரத்தில் ஏறத்தாழ 70 ஆயிரம் மக்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிடப்பெற்ற அறிக்கை, நிலத்திலிருந்து வரும் இக்கதிர்வீச்சினால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை என்று தெரிவித்தது. ஆகவே இக்கடற்கரையில் வாழ்வோருக்குக் கதிர்வீச்சு புதியதன்று. ஆனால், மனிதன் அமைத்த துகள் முடுக்கியில் எழும் கதிர்வீச்சு வேறு தன்மையது. மணலின் கதிர்வீச்சை நிறுத்த முடியாது, அது மெல்லியது. முடுக்கியின் கதிர்வீச்சு, யந்திரத்தை நிறுத்தியவுடன் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் இயங்கும் வேளையில் மிகக் கடுமையானது.

முடுக்கியில் எழுவன யாவை?

மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் எலெக்ட்ரான், புரோட்டான் போன்ற துகள்களைப் பெருவேகத்தில் செலுத்தும் யந்திரமே முடுக்கி. நம் நாட்டில் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் 1977-இல் இயங்கத் தொடங்கியது. இந்தோரில் இண்டஸ்-1 என்னும் வளையம் 1999-லும், 172.5 மீட்டர் சுற்றளவுள்ள இண்டஸ்-2 என்னும் வளையம் 2005-லும் இயக்கத்துக்கு வந்தன. பின்னதில் எலெக்ட்ரான்கள் 250 கோடி எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலை அடைகின்றன.

இத்துகள்களில் சில பாதை தவறிக் குழாயின் சுவரில் மோதும். அப்போது ஊடுருவும் எக்ஸ் கதிர்களும் காமாக் கதிர்களும் பிறக்கும். ஆற்றல் மிகுந்த காமாக் கதிர், அணுக்கருவிலிருந்து நியூட்ரானைப் பெயர்த்தெடுக்கும். நியூட்ரான் மற்றோர் அணுக்கருவால் ஈர்க்கப்பட்டு, அதனையும் கதிரியக்கமுடையதாக்கக் கூடும். இவ்வாறு ஒரு மோதலிலிருந்து ஒரு பெரும் பரம்பரையே கிளைத்து விரிகின்றது.

சுவருக்கு அப்பால் பணிபுரியும் ஊழியர் பெறும் கதிர்வீச்சுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு விதித்துள்ளது. ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படலாகாது; எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டலாகாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டே வரம்பு. சுவர் மெலிந்தால் ஊழியரின் உடல்நலம் கெடும்; அளவுக்கு மீறித் தடித்தால் மக்களின் வரிப்பணம் வீணாகும். கட்டியபின் திருத்துவது அரிது. எனவே அடித்தளம் இடுவதற்கு முன்னரே விடை காணவேண்டும். அதுவே பயன்முறைப் பௌதிக விஞ்ஞானியின் பணி.

குலுக்கல் கணக்கு

1946-ஆம் ஆண்டில் நோயினின்று தேறிவந்த ஸ்டானிஸ்லா உலாம் என்னும் கணித அறிஞர், சீட்டாட்டத்தில் வெற்றி வாய்ப்பைக் கணக்கிட முயன்றார். சூத்திரத்தால் காண்பதைவிடப் பலமுறை ஆடிப் பார்த்து எண்ணுவதே எளிது என்று அவருக்குத் தோன்றியது. ஜான் வான் நாய்மன் இக்கருத்தை நியூட்ரான்களின் ஓட்டத்துக்குப் பொருத்தினார். சூதாட்ட நகரின் பெயரால் இது மான்டே கார்லோ முறை எனப்பட்டது.

இம்முறையில் கணிப்பொறி ஒவ்வொரு துகளையும் தனித்தனியே பின்தொடர்கின்றது. எவ்வளவு தூரம் சென்று மோதும், மோதியபின் சிதறுமா அல்லது மறையுமா, எத்திசையில் திரும்பும் என்பவை யாவும் அளந்தறிந்த நிகழ்தகவுகளின்படி குலுக்கலால் முடிவு செய்யப்படும். இவ்வாறு லட்சக்கணக்கான வரலாறுகளைத் தொகுத்தால் சராசரி கிடைக்கும். ஃப்ளூக்கா, ஜியான்ட்-4 என்பவை இதற்கென உலகெங்கும் பயன்படும் நிரல்கள். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு வரலாறுகள் வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு வேண்டும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. மிகுந்த ஆற்றலுடைய நியூட்ரான்களைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான கான்கிரீட் வேண்டும். ஏறத்தாழ 7 மீட்டர்ச் சுவரில் பத்து லட்சத்தில் ஒன்றே வெளிவரும். அந்த ஒன்றிரண்டை நம்பி எவ்வாறு முடிவு கூறுவது? இதற்கான உபாயத்தை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்துகாட்டலாம்.

64 நாணயங்களை நியூட்ரான்களாகவும், ஆறு கோடுகளைச் சுவரின் அடுக்குகளாகவும் கொள்க. ஒவ்வோர் அடுக்கிலும் நாணயங்களைச் சுண்டி, தலை விழுந்தவற்றை மட்டுமே முன்செலுத்துக. ஆறாம் அடுக்கைக் கடப்பது சராசரியாக ஒன்றே. ஆனால் ஒருமுறை சுழியும் மறுமுறை மூன்றும் வரக்கூடும். இனி, மூன்றாம் அடுக்கில் எஞ்சிய ஒவ்வொரு நாணயத்துக்கும் எட்டு நாணயங்களை வைத்து, ஒவ்வொன்றையும் எட்டில் ஒரு பங்காக மதித்துத் தொடர்க. சராசரி மாறாது; விடைகளின் சிதறலோ ஏறத்தாழப் பாதியாகக் குறையும். விஞ்ஞானியும் சுவரின் ஆழத்துக்குச் செல்லும் துகள்களை இவ்வாறே பெருக்கி, மதிப்பைக் குறைத்து, நடுநிலை பிறழாமல் விடை காண்கின்றார்.

கணக்கின் எல்லை

கணிப்பொறி, கொடுத்ததற்கே விடை கூறும். எவ்வளவு துகள்கள் எவ்விடத்தில் பாதை தவறும் என்பது, யந்திரம் இயங்கும்வரை ஓர் அனுமானமே. மின்கம்பி செல்லும் துளையொன்றை வரைபடத்தில் விட்டுவிட்டால், பிழையான விடையும் பல தசமப் புள்ளிகளோடு அழகாகவே அச்சாகி வரும். கூரை மெல்லியதாயின், மேலே சென்ற நியூட்ரான்கள் காற்றில் சிதறிச் சுவருக்கு அப்பால் தரைக்குத் திரும்பும். சுவர்க்கனத்தை மட்டும் நோக்கியவர் இதனைக் காணார். ஆகவே, நல்ல விஞ்ஞானி தம் அனுமானங்களை எழுதிவைத்து, பாதகமான நிலையையும் கணக்கிட்டு, யந்திரம் இயங்கத் தொடங்கியதும் அளவு கருவிகளோடு சுவரோரம் நடந்து சரிபார்ப்பார். கணக்கும் அளவும் முரண்படுமாயின், அளவுக்கே முதலிடம்.

இப்பணிக்கும் நம் கடற்கரை மணலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தோரியம் தானாக எரிபொருளாகாது. ஒரு நியூட்ரானை ஏற்றபின் சில வாரங்களில் யுரேனியம்-233 ஆக மாறினால்தான் பயன்தரும். 100 கோடி எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடைய புரோட்டான் ஒன்று கனத்த ஈயத்தில் மோதினால் இருபதுக்கு மேற்பட்ட நியூட்ரான்கள் எழும். அவற்றைக் கொண்டு தோரியத்தைப் பயன்படுத்தும் திட்டத்தை 1990-களில் கார்லோ ருபியா முன்வைத்தார். இந்திய விஞ்ஞானிகளும் இத்துறையில் ஆய்வு நடத்தி வருகின்றனர். அத்தகைய யந்திரம் என்றேனும் அமையுமாயின், அதன் சுவருக்கு அருகே அச்சமின்றி நிற்க வேண்டிய ஊழியரின் பொருட்டு, முதற்செங்கல் வைக்கப்படும் முன்பே குலுக்கல் கணக்கு பலமுறை நடந்து முடிந்திருக்கும்.