இரண்டாவது நகல் எங்கே?

பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று புதிதாகச் சந்தைக்கு வரும்போதெல்லாம், "இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்?" என்று ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட எழுபது. உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் நிறுவனம் 1956-ல் அறிமுகப்படுத்தியது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உருவான அந்த இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் 4 எம்பி-கூட இல்லை. செல்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் போதும், அது நிரம்பிவிடும். அதைவிடப் பெரிதாகச் செய்ய அப்போதே முடிந்திருக்கும், ஆனால் அவ்வளவு இடத்தை என்ன சொல்லி விற்பது என்று தெரியாமல் விற்பனைப் பிரிவினர்தான் வேண்டாம் என்றார்கள் என்று, இத்துறையின் மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1980-ல் சீகேட் நிறுவனம் மேசைக் கணினிக்கான 5 எம்பி டிஸ்க்கை 1,500 டாலருக்கு விற்றது. 2007-ல் ஹிட்டாச்சியின் ஒரு டெராபைட் டிஸ்க் 399 டாலருக்கு வந்தது. ஒரு டெராபைட் என்றால் பத்து லட்சம் எம்பி. 2024-ல் சீகேட் 30 டெராபைட் டிஸ்க்கை அறிவித்தது. ஒவ்வொரு முறையும் அதே சந்தேகம் வந்தது, ஒவ்வொரு முறையும் டிஸ்க் நிரம்பியது.

ஆகவே "யார் நிரப்புவார்கள்?" என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. பெரிய டிஸ்க்கைக் கண்டு நியாயமாகவே அஞ்ச வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அதில் இருப்பதை இன்னோர் இடத்தில் நகலெடுத்து வைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே போகிறது. சேர்த்துவைக்கும் திறன் வளர்ந்த வேகத்தில், சேர்த்ததைக் காப்பாற்றும் திறன் வளரவில்லை. கடையில் "எத்தனை டெராபைட்?" என்று மட்டும் கேட்கிறோம். "இதன் நகல் எங்கே இருக்கப்போகிறது?" என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கொள்முதல் முழுமையாகும்.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதை அறிய டிஸ்க்கின் உள்ளே பார்க்க வேண்டும். மேசைக் கணினி டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது ஒரு வினாடிக்கு 120 முறை சுழலும். அதன் வெளிவிளிம்பு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அதற்கு மேலே, தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில், படிக்கும் தலை மிதந்துகொண்டிருக்கிறது. தட்டின் மேல் வட்ட வட்டமான தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் காந்தப் புள்ளிகளாகத் தகவல். கொள்ளளவைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒரே தடத்தில் புள்ளிகளை நெருக்கலாம், அல்லது தடங்களையே நெருக்கலாம். இரண்டையும் இரு மடங்காக்கினால் கொள்ளளவு நான்கு மடங்காகும். ஆனால் ஒரு சுழற்சியில் தலை படிப்பது ஒரு தடத்தை மட்டும்தான் என்பதால், வேகம் இரண்டு மடங்குக்கு மேல் போகாது. சுழலும் வேகத்தையோ பல ஆண்டுகளாகக் கூட்ட முடியவில்லை. ஒரே பெட்டிக்குள் பத்துத் தட்டுகளை அடுக்கினாலும், வழக்கமான டிஸ்க்கில் ஒரு நேரத்தில் ஒரு தலைதான் வேலை செய்யும். விளைவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1980-ன் 5 எம்பி டிஸ்க்கை முழுவதும் படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 2007-ன் ஒரு டெராபைட் டிஸ்க்குக்குச் சுமார் நான்கு மணி நேரம். 30 டெராபைட் டிஸ்க்கை அதன் உச்ச வேகத்திலேயே இடைவிடாமல் படித்தாலும் ஒரு நாள் முடிந்து மறுநாளிலும் ஆறு மணி நேரம் போய்விடும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் நிறுவனங்களுக்கு இது பெரிய தலைவலி. ஒன்று பழுதானால், அதிலிருந்ததை மற்றவற்றின் துணையோடு புதிய டிஸ்க்கில் மீட்டெழுத ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் இன்னொன்றும் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்துத்தான், ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் செயலிழந்தாலும் தாங்கும் ஏற்பாடுகளைப் பொறியாளர்கள் கொண்டுவந்தார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பத் தோன்றும். தென்கொரியாவில் நடந்ததைப் படித்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். டேஜான் நகரில் அந்நாட்டு அரசின் கணினி மையம் ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கே லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' என்ற பொதுச் சேமிப்பகம் அந்தத் தீயில் அழிந்தது. ஆளுக்கு 30 ஜிபி இடம் ஒதுக்கப்பட்டிருந்த அந்தச் சேமிப்பகத்தில் இருந்த தகவல் 858 டெராபைட். வேறு இடத்தில் நகல் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டபோது அதிகாரிகள் சொன்ன காரணம், கொள்ளளவு மிகப் பெரியது என்பதுதான். 858 டெராபைட் என்பது இன்று சந்தையில் உள்ள 30 டெராபைட் டிஸ்க்குகளில் 29. ஓர் அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும். இத்தனைக்கும் இது கணினியை இப்போதுதான் பழகும் நாடு அல்ல; உலகுக்கே மெமரி சிப் செய்துகொடுக்கும் நாடு. பணத்துக்கோ தொழில்நுட்பத்துக்கோ அங்கே பஞ்சமில்லை. பெரிதாகச் சேமிக்கத் திட்டம் போட்டவர்கள், அதே அளவுக்கு நகலுக்கும் திட்டம் போடவில்லை.

"எல்லாமே இப்போது கிளவுடில் இருக்கிறதே, வீட்டில் எதற்கு நகல்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜி-டிரைவும் ஒரு கிளவுட்தான். கிளவுட் என்பது வானத்தில் இருப்பதல்ல. யாரோ ஒருவருடைய கட்டடத்தில் சுழலும் டிஸ்க்குகளின் கூட்டம். நல்ல நிறுவனங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நகல் வைக்கின்றன, அது உண்மை. ஆனாலும் செல்பேசியோடு கிளவுடை இணைத்துவைத்திருப்பது மட்டுமே பேக்கப் ஆகிவிடாது. இங்கே தவறுதலாக அழித்த படம் அங்கேயும் அழிந்துவிடும். குப்பைத் தொட்டியில் சில வாரங்கள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. நகல் எடுப்பதற்கென்றே உள்ள ஏற்பாடும் பிழைக்கு அப்பாற்பட்டதில்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் நிரலில் செய்த ஒரு திருத்தம் தவறிப்போய், காப்பாற்ற வேண்டிய கோப்புகளையே அது அழித்தது. போனது 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். வேறு இடத்தில் நகல் வைத்திருந்த ஆய்வுக்குழுக்கள் தப்பின. இல்லாதவர்களின் உழைப்பு திரும்பவில்லை. கிளவுட் ஒரு நகலாக இருக்கட்டும், நல்லதுதான். அது ஒன்றே போதும் என்று இருந்துவிடக் கூடாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இடம் பெரிதாகப் பெரிதாகக் குப்பைதான் சேருகிறது. சிறிய டிஸ்க் இருந்தால் மனிதர்கள் யோசித்து வைத்துக்கொள்வார்கள் என்பது அந்த வாதம். குப்பை சேருகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. காலை வணக்கப் படங்களால் இந்தியச் செல்பேசிகள் நிரம்பி வழிவதைக் கண்ட கூகுள் நிறுவனம், அவற்றை அடையாளம் கண்டு நீக்கும் வசதியைத் தன் செயலியிலேயே சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் இடநெருக்கடி வந்தால் மனிதர்கள் நிதானமாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. நேர்மாறான ஆதாரம்தான் இருக்கிறது. மனிதன் முதன்முதலாக நிலவில் நடந்த அப்பல்லோ 11 பயணத்தின் மூலக் காட்சிகள் பதிவான நாடாக்களை நாசா பல ஆண்டுகள் தேடியது. வேறு பதிவுகளுக்கு நாடா தேவைப்பட்டதால் அவற்றை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு 2009-ல் வந்தது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான, தரம் குறைந்த பிரதிகள்தான் நமக்கு மிஞ்சின. பிபிசி தன் 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய நாடாக்களையும் அவ்வாறே அழித்தது; 1960-களின் அத்தியாயங்கள் பல இன்றுவரை கிடைக்கவில்லை. அழித்தவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நாடா விலை அதிகம், அலமாரி நிரம்பிவிட்டது, ஏதாவது ஒன்றை உடனே எடுத்தாக வேண்டும். எது அரியது என்பது பல வேளைகளில் இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அதுவரை காத்திருக்க இடம் வேண்டும். மலிவான பெரிய டிஸ்க் நமக்குத் தரும் பெரிய நன்மை இந்த அவகாசம்தான். கல்யாண வீட்டில் செல்பேசி நிரம்பிவிட்டது என்று பதறிப்போய்ப் பழைய படங்களை அழிப்பதைவிட, எல்லாவற்றையும் டிஸ்க்கில் இறக்கிவைத்து ஓய்வான ஒரு நாளில் பிரித்துப் பார்ப்பது நல்லது.

அறிவியலின் தேவையும் இதில் சேர்கிறது. 2019-ல் வெளியான கருந்துளையின் முதல் படத்தை எண்ணிப் பாருங்கள். அதற்காக 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளிலிருந்த எட்டுத் தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பதிவு செய்தன. சேர்ந்த தகவலை இணையத்தில் அனுப்ப வழியில்லை. அரை டன் எடையுள்ள ஹார்ட் டிஸ்க்குகளாக விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் கொண்டுவந்தார்கள். தென்துருவத்தின் டிஸ்க்குகள் அங்கே குளிர்காலம் முடியும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தன. சிலி போன்ற இடங்களில் தொலைநோக்கிகள் மிக உயரமான மலைகளில் இருக்கின்றன. காற்று மெலிந்த அந்த இடத்தில் சாதாரண டிஸ்க்கின் தலை சரியாக மிதக்காது, தட்டில் மோதிவிடும். அதனால் ஹீலியம் வாயுவை அடைத்து மூடிய டிஸ்க்குகளைப் பயன்படுத்தினார்கள். பெரிய டிஸ்க் இல்லையென்றால் அந்தப் படமே இல்லை.

மின்சாரச் செலவைப் பற்றிய கவலையும் நியாயமானது. உலகின் டேட்டா சென்டர்கள் 2024-ல் பயன்படுத்திய மின்சாரம் மொத்த நுகர்வில் சுமார் ஒன்றரை சதவீதம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி கணக்கிடும் சர்வர்களுக்கும் அவற்றைக் குளிர்விப்பதற்கும் போகிறது. சேமிப்புக் கருவிகளின் பங்கு இருபதில் ஒன்று அளவுதான். கழற்றி அலமாரியில் வைத்த டிஸ்க் மின்சாரமே எடுக்காது.

தமிழர்களான நமக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். 1981-ல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்தவை சுமார் 97,000 நூல்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் ஓலைச்சுவடிகளும் வேறெங்கும் கிடைக்காத ஏடுகளும் இருந்தன. ஒரு நூலுக்குச் சராசரியாக 200 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஏ4 அளவுள்ள பக்கம் ஒன்றைத் தரம் குறையாமல், வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் 26 எம்பி ஆகும். மொத்தம் சுமார் 500 டெராபைட். இன்றைய 30 டெராபைட் டிஸ்க்கில் 17. ஒரு சமூகத்தின் நூலகம் முழுவதையும் ஒருவர் இரண்டு பைகளில் தூக்கிச் சென்று வேறு ஊரில், வேறு நாட்டில் வைக்க முடிகிற காலம் இது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் திரட்டி 2005 முதல் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தின் பணியை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். அதே வேளை, அந்த 17 டிஸ்க்குகளும் ஒரே அறையில் இருந்தால் 1981-க்கும் இன்றைக்கும் வேறுபாடு இல்லை. தீயோ வெள்ளமோ ஓலை, காகிதம், காந்தத் தட்டு என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

"இரண்டு டிஸ்க் வாங்க எல்லாருக்கும் வசதி உண்டா?" என்பது கடைசிக் கேள்வி. நான்கு டெராபைட்டில் ஒன்று வாங்க நினைப்பவர் இரண்டு டெராபைட்டில் இரண்டு வாங்கட்டும். விலை ஓரளவு கூடும், ஆனால் ஒன்று போனால் மற்றொன்று இருக்கும். தவிர, எல்லாவற்றுக்கும் நகல் தேவையில்லை. தரவிறக்கிய சினிமா போனால் மறுபடி கிடைக்கும். தாத்தாவின் குரல், குழந்தையின் முதல் நடை, பத்திரங்களின் ஸ்கேன், எழுதி முடிக்காத கையெழுத்துப் படி இவை போனால் போனதுதான். பெரும்பாலான குடும்பங்களில் இப்படிப்பட்டவை ஒரு டெராபைட்டைத் தாண்டாது. இரண்டு நகல்களில் ஒன்று உங்கள் வீட்டிலும் மற்றது அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது இரண்டையும் கணினியில் செருகி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காமல் அலமாரியில் கிடக்கும் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அடுத்த டிஸ்க் வாங்கக் கடைக்குப் போகுமுன், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டிஸ்க்கின் நகல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால், புதிதாக வாங்கும் டிஸ்க்கில் முதல் வேலையாக அந்த நகலை எடுத்துவிடுங்கள்.