பட்டாளமும் வக்கீல் கவுனும்



அம்பேத்கரைச் சட்டம் எழுதியவராக நாம் நினைவுகூர்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய வக்கீலாக அதிகம் பேசுவதில்லை. அவர் பட்டாளத்து வீட்டுப் பிள்ளை. தந்தை ராம்ஜி, சுபேதார். 1913இல் பரோடா சமஸ்தானப் படையில் அவரும் லெப்டினன்ட் ஆனார். தந்தையின் மறைவால் அது சில நாள்களில் முடிந்தது. 1917இல் மன்னரின் ராணுவச் செயலாளராகத் திரும்பியபோது தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டினார்கள்.

1923இல் பம்பாயில் தொழில் தொடங்கினார். 1926இல் பூனாவில், 'தேசாச்சே துஷ்மன்' என்ற நூலுக்காக ஜவல்கர், கேசவராவ் ஜேதே முதலியோர்மீது நடந்த அவதூறு வழக்கில் வாதாடி விடுதலை பெற்றுத்தந்தார். 1934இல் ர. தோ. கர்வேயின் ஆபாச எழுத்து வழக்கில் தோற்றார். தோற்ற வழக்கையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போன நம்மவர்கள் உண்டு. திரும்பியதும் பலருக்குக் கிடைப்பது செக்யூரிட்டி வேலை. அவர்களிடம் நாம் சொல்வது இது: வக்கீலாகலாம். பல்கலைக்கழகப் பட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு 40 சதவீத மதிப்பெண் இருந்தால் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, நமக்கு 125 ரூபாய். அதற்குமேல் வாங்கக் கூடாதென 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வாதாட முடியாது, பென்சன் சம்பளமல்ல. ஜூனியர் வக்கீலுக்குக் கையில் காசு வராத முதல் சில வருடங்களில்தான் நம் பிள்ளைகள் கவுனைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். அந்த வருடங்களைப் பென்சன் தாங்கும்.

சிவகாசி வட்டாரத்துக்கு இது ஏன் முக்கியம்? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் போர்மேன் கைதாகிறார். லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில், மருந்து கலக்கச் சொன்னது இன்னொருவர். 'போர்மேனுக்கு வாதாடினால் செத்தவர்களுக்குத் துரோகமில்லையா?' என்று எங்கள் கூட்டங்களிலேயே கேட்கிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் முதலாளி ஏற்பாடு செய்த வக்கீலே போர்மேனுக்கும் ஆஜரானால், உத்தரவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை யார் எழுப்புவார்? அது எழாவிட்டால் செத்தவர்களுக்கும் நியாயமில்லை.

பிரிவையும் கவனியுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 கவனக்குறைவால் மரணம். ஐந்தாண்டு வரை சிறை. 105 கொலையாகாத மரணம் விளைவித்தல். சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்ததாக நிரூபணமானால் பத்தாண்டு வரை. 'தெரிந்தே' என்ற அந்த ஒரு சொல்மீதுதான் வாதமெல்லாம். அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், யார் சொல்லி? உத்தரவு மேலிருந்து கீழே இறங்கும் விதத்தைப் பட்டாளத்தில் பார்த்தவருக்கு இதைக் குறுக்கு விசாரணையில் கேட்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி. ரிமாண்டுக்குக் கொண்டுபோகும் முதல் நாளே கேட்கலாம். கைதான வீட்டுக்குத் தகவல் வந்த அன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.