அசையும் கட்டியும் அலையும் நோயாளியும்

கதிர்ச் சிகிச்சையின் அடிப்படைச் சிக்கல், இலக்கு ஓரிடத்தில் நில்லாமையாகும். சுவாசப்பையின் கீழ்ப்பகுதிக் கட்டி மூச்சோடு ஒரு சென்ரிமீற்றருக்கும் மேலாக இடம்பெயரலாம். கதிர்ப்பரப்பை விரித்தால் நல்ல இழையம் சேதமுறும். குறுக்கினால் கட்டியின் ஒரு பகுதி தப்பும். இம்முரண்பாட்டைத் தீர்க்கவே கணனிப் பார்வை பயன்படுத்தப்படுகின்றது.

1990களின் பிற்பகுதியில் யப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கட்டியருகே 2 மில்லிமீற்றர் தங்கக் குண்டொன்றைப் பதித்து, செக்கனுக்கு 30 ஊடுகதிர்ப் படிமங்களில் கணனி மூலம் அதனைத் தொடர்ந்தனர். குண்டு குறித்த எல்லைக்குள் இருக்கையில் மாத்திரமே கதிர் பாய்ந்தது. பின்வந்த முறைகள் சில, குறியின்றியே கட்டியின் உருவத்தை முன்பதிந்த மாதிரியுடன் ஒப்பிடுகின்றன. எனினும் கணனி காண்பது சற்று முந்திய கணத்தையே. எனவே கதிரைக் கட்டியுடன் நகர்த்தும் கருவி அடுத்த நிலையை முன்கணிக்கவும் வேண்டும்.

ஆயின், தொழினுட்பம் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்டதன்று. மட்டக்களப்பில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டெனினும், நாட்டின் முதன்மைப் புற்றுநோய் வைத்தியசாலை மகரகமவிலேயே உள்ளது. சாய்ந்தமருதிலிருந்து அது ஏறத்தாழ 300 கிலோமீற்றர். கதிர்ச் சிகிச்சையோ பல வேளைகளில் வாரக்கணக்கில் நாள்தோறும் தொடர்வது. அங்கு அனுப்பப்படும் கடற்றொழிலாளிக்கும் வயற்கூலிக்கும் அத்தனை நாளும் வருமானமற்ற நாட்களே. மில்லிமீற்றர் அசைவை அளக்கும் அறிவை நாம் வரவேற்கின்றோம். அவ்வறிவு யாரைச் சென்றடைகின்றது என்ற வினாவையும் அதனோடு சேர்த்தே எழுப்புகின்றோம்.