பளபளக்கும் வாசல், வழுக்கும் கால்



வீட்டுப் பாதுகாப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது பூட்டும் கிரில் கதவும்தான். அண்மையில் நடந்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில், நான் வாசல் தரையைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். அதற்கு என் சொந்த அனுபவம்தான் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு வீட்டை அழகுபடுத்துகிறேன் என்று கிள்ளானில் உள்ள அம்மா வீட்டு கார் போர்ச்சில் பழைய சிமெண்டுத் தரையை உடைத்து, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ் போட்டேன். நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும் நானே. ஒரு மாலை மழையில் கேட்டைச் சாத்தப் போன அம்மா வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. பிறகுதான் தெரிந்தது, டைல்ஸ் போட்ட நாளிலிருந்தே அவர் காரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார். "ஏம்மா சொல்லல?" என்றேன். "நீ ஆசைப்பட்டுப் போட்டது. குறை சொன்னா உன் மனசு நோகுமேன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார்.

உலகம் முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் கீழே விழுந்து மரணமடைகிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். ஆகவே இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஏன் வழுக்குகிறது?

ஈரத் தரையில் கால் வைக்கும்போது, செருப்புக்கும் டைலுக்கும் இடையில் மெல்லிய நீர்ப்படலம் நின்றுவிடுகிறது. சொரசொரப்பான தரையில் இருக்கும் சிறு மேடுகள் அந்தப் படலத்தைக் கிழித்துச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். மழமழப்பான டைலில் அந்த மேடுகள் இல்லை. கால் நீரின் மேல் மிதந்து சறுக்குகிறது. அடிப்பாகம் தேய்ந்த சிலிப்பர் என்றால் ஆபத்து இன்னும் கூடும்.

இதோடு பாசியும் சேர்கிறது. வெயில் படாத மூலை, பூச்சட்டிகளின் அடிப்பகுதி, ஏர்கோன் குழாயிலிருந்து நீர் சொட்டும் இடம் ஆகியவை பாசிக்குப் பிடித்தமானவை. கார் கழுவிய சவர்க்கார நீரும், வாசல் விளக்கிலிருந்து சிந்திய எண்ணெயும் அப்படியே காய்ந்து கிடக்கும். அடுத்த மழையில் அவை மீண்டும் வழுவழுப்பாகும்.

செலவில்லாத வழி முதலில்

டைல்ஸை மாற்றுவதற்கு முன், நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏர்கோன் குழாயை நேரே வடிகாலுக்குத் திருப்பிவிடுங்கள். ஒழுகும் கூரைத் தாம்பாளத்தைச் சரிசெய்யுங்கள். பூச்சட்டிகளை நடைபாதையிலிருந்து நகர்த்துங்கள்.

பாசி பிடித்த இடத்தில் வெளுப்பு நீரை, போத்தலில் குறிப்பிட்டுள்ள அளவில் தண்ணீர் கலந்து ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டுக் கெட்டியான பிரஷால் தேயுங்கள். டைல் இடுக்குகளையும் விடாதீர்கள். பின்னர் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஓர் எச்சரிக்கை: வெளுப்பு நீரோடு கழிவறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு கிளம்பும். எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவமும் சுடுநீரும் போதும்.

பிறகு என்ன செய்யலாம்?

சுத்தம் செய்த பின்னும் வழுக்கினால் மூன்று வழிகள் உண்டு. படி விளிம்புகளுக்குச் சொரசொரப்பான ஒட்டு நாடா ஏற்றது. தரை நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஓரம் கிளம்பினால் அதுவே காலைத் தட்டிவிடும்.

இரண்டாவது, நுண்மணல் கலந்த, வழுக்காத மேற்பூச்சு. கார் சக்கரம் படும் இடத்தில் இது விரைவில் தேயும். மீண்டும் பூச வேண்டியிருக்கும்.

மூன்றாவது, டைலின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அரித்துச் சொரசொரப்பாக்கும் இரசாயனம். பளபளப்புச் சற்று மங்கும். இவற்றில் சில கண்ணாடியையே அரிக்கும் ஃபுளோரைடு வகை அமிலம் கொண்டவை. தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் உள்ளே இறங்கிப் புண்ணாக்கும். இதை நீங்களே செய்யாமல், அனுபவமுள்ள குத்தகையாளரிடம் விடுங்கள். முதலில் ஒரு மூலையில் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆர்9 என்றால் உயர்ந்ததா?

புதிதாக டைல்ஸ் வாங்குவோர் ஏமாறும் இடம் இதுதான். ஜெர்மானியத் தர முறையில் ஆர்9 முதல் ஆர்13 வரை ஐந்து பிரிவுகள் உள்ளன. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஒருவரைச் சப்பாத்துடன் நடக்கவைத்து, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். வரிசை 9-இல்தான் தொடங்குகிறது. அதாவது ஆர்9 மிகக் குறைந்த பிரிவு. 6 முதல் 10 டிகிரி சாய்வு வரைதான் அது தாங்கும். ஆர்11 என்றால் 19 முதல் 27 டிகிரி வரை தாங்கும். மழை படும் இடத்திற்கு ஆர்11 அல்லது அதற்கு மேல் கேளுங்கள். அதில் அழுக்குச் சற்றுக் கூடுதலாகத் தங்கும். தேய்த்துக் கழுவும் வேலையும் கூடும். ஆனால் எலும்பு முறிவுக்கு அது மேல்.

கடையில் டைலைக் காய்ந்த நிலையில் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். தண்ணீர் தெளித்து, செருப்பால் அழுத்திச் சறுக்கிப் பாருங்கள்.

அம்மாவின் வாசலில் இப்போது சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸ். முகம் தெரிவதில்லை. மழை நாளிலும் அவர் காரைப் பிடிக்காமல் கேட் வரை நடந்து போகிறார்.

இன்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மழை பெஞ்சா வாசல்ல எப்படி நடக்கறீங்க?" அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால், தரையைக் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.