முற்றத்துக்கு வந்த பள்ளி: முன்பருவக் கல்வியும் அதன் ஆசிரியர்களும்



ஒரு நினைவுச் சொற்பொழிவுக்கு இட ஒதுக்கீடு, உயர்கல்வி, பல்கலைக்கழக வளாகங்களின் சாதிக் கொடுமை என்று எத்தனையோ பொருள்கள் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் கல்வியையும், அதைத் தருகிற பெண்களின் தொழிலையும். கல்லூரி வாசலில் நாம் நடத்தும் போராட்டத்தின் முதல் பாதி பால்வாடி வாசலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அங்கே நாம் இருப்பதில்லை என்பதுதான் என் கவலை.

‘அங்கன்வாடி’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அதை நாம் அரசாங்கச் சொல்லாகவே அறிவோம். ஆனால் அது பிறந்தது வேறிடம். 1945இல், இன்றைய மகாராஷ்டிரத்தின் போர்டி என்ற கடலோரக் கிராமத்தில் தாராபாய் மோடக் சிறு குழந்தைகளுக்கான பள்ளிப் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருடன் சேர்ந்துகொண்டார். சேரிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. வராத பிள்ளையையோ பெற்றவர்களையோ குறை சொல்லாமல், அவர்கள் பள்ளியைச் சேரிக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டு முற்றமே வகுப்பறை ஆயிற்று. மராத்தியில் முற்றத்துக்கு ‘அங்கண்’ என்று பெயர். முற்றத்தில் நடந்த அந்தப் பள்ளியின் பெயரைத்தான், 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் எடுத்துக்கொண்டது.

மாண்டிசோரி கல்வியின் கதையும் இப்படித்தான். மரியா மாண்டிசோரி 1907இல் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். இன்று அதே பெயரைப் பலகையில் எழுதியிருக்கும் பள்ளிகளின் கட்டணத்தை நம் காலனியில் எத்தனை பேரால் கட்ட முடியும்? ஏழைக் குழந்தைக்காகப் பிறந்த கல்விமுறை வசதியுள்ளவர் வீட்டுக்குப் போய்விட்டது. நமக்குச் சத்துமாவும் முட்டையும் மிஞ்சின. சத்துமாவும் முட்டையும் வேண்டியவைதான், அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம் குழந்தைக்கு வயிறு மட்டும்தான் உண்டு என்று ஒரு திட்டம் நினைத்துவிடக் கூடாது.

‘சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்ன படிப்பு வேண்டும்? எந்தத் தாயும் செய்கிற வேலைதானே?’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாமல் தொழில் மதிப்பைப் பற்றிப் பேச முடியாது.

மூன்று வயதுக் குழந்தை ஒன்று புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குகிறது. எண்ணச் சொன்னால் பத்து வரை தடையில்லாமல் சொல்லும். ‘எனக்கு நாலு குடு’ என்றால் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். எண்ணின் பெயர் தெரிவது ஒன்று. அந்தப் பெயர் ஓர் அளவைக் குறிக்கிறது என்று தெரிவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே பல மாத தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் குழந்தை எப்படிக் கடக்கும், எந்த விளையாட்டு அதற்கு உதவும் என்று அறிந்தவர் ஆசிரியர். அறியாதவர் ஒப்பிக்க வைத்துவிட்டுத் திருப்தியடைவார். ஒன்றாம் வகுப்பில் அந்தக் குழந்தைக்கு ‘கணக்கு வராது’ என்று பட்டம் கட்டப்படும்.

இன்னொரு குழந்தை சொல்கிறது: ‘எங்கப்பா தப்படிக்கப் போயிருக்காரு.’ ஆசிரியரின் முகம் ஒரு நொடி சுருங்கினால் போதும், தன் வீட்டைப் பற்றி இங்கே பேசக் கூடாது என்று அந்தக் குழந்தை கற்றுக்கொண்டுவிடும். பிறகு வாய் திறக்காது. ‘எப்படி அடிப்பாரு? எங்களுக்கும் அடிச்சுக் காட்டு’ என்று ஆசிரியர் கேட்டால், இருபது குழந்தைகளும் தரையில் தட்டத் தொடங்குவார்கள். தாளம், எண்ணிக்கை, பேச்சு மூன்றும் அங்கே சேர்ந்து நடக்கும். ஒரு நொடிக்குள் எது செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கிற இந்த அறிவுக்குத்தான் தொழில்திறன் என்று பெயர். அது பிறவியில் வருவதில்லை. பயிற்சியிலும் அனுபவத்திலும், சக ஆசிரியர்களோடு பேசுவதிலும் வருகிறது.

இதற்குச் சான்று கேட்பவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி நகரில் நடந்த பெரி முன்பள்ளி ஆய்வைப் பார்க்கலாம். 1962இல் தொடங்கிய அந்த ஆய்வில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் இருந்தார்கள். 58 பேருக்கு முன்பள்ளிக் கல்வி கிடைத்தது, 65 பேருக்குக் கிடைக்கவில்லை. இரு பிரிவினரையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். நுண்ணறிவுத் தேர்வில் முதலில் தெரிந்த வேறுபாடு சில ஆண்டுகளில் கரைந்துபோனது. ஆனால் முன்பள்ளியில் படித்தவர்களில் 77 விழுக்காட்டினர் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். மற்றவர்களில் 60 விழுக்காட்டினர்தான். வேலையிலும் வருமானத்திலும் முன்னவர்கள் மேலே இருந்தார்கள்.

இந்த முடிவைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அது எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அங்கே பணியாற்றியவர்கள் சான்றிதழ் பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்கள். ஓர் ஆசிரியருக்கு ஏறத்தாழ ஆறு குழந்தைகள். வாரம் ஒருமுறை ஆசிரியர் குழந்தையின் வீட்டுக்குப் போய்த் தாயோடு பேசினார். நல்ல ஆசிரியர், போதிய நேரம், குறைவான குழந்தைகள் என்ற மூன்றும் சேர்ந்த பலன் அது. நம் அங்கன்வாடிப் பணியாளரோ பதிவேடு எழுதுகிறார், எடை பார்க்கிறார், கைப்பேசியில் விவரம் ஏற்றுகிறார், வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார். அதற்கெல்லாம் பிறகு மிஞ்சும் நேரமே கல்விக்கு.

இனி சட்டத்துக்கு வருவோம். 2002இல் வந்த 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளவர்களின் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறு வயதுக்குட்பட்டவர்களின் கல்வியை 45ஆவது பிரிவில், அரசு ‘முயல வேண்டிய’ கடமையாக வைத்தது. 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் 11ஆவது பிரிவில், மூன்று வயது முதல் ஆறு வயது வரை அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் சொல்கிறது. குழந்தைக்கு உரிமை உறுதியாக இல்லாத இடத்தில் ஆசிரியருக்கும் பதவி உறுதியாக இல்லை. அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்ல என்று 2006இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த மாத மதிப்பூதியம் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதற்கு மேல் தருவது மாநிலங்களின் விருப்பம். தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் கிடைத்திருக்கிறது. முழுமையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் இன்னும் சங்கங்களின் கோரிக்கையாகவே நிற்கின்றன.

2022 ஏப்ரலில் மணிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றும், மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அது கூலிதான் என்றும் சொன்னது. அங்கன்வாடியில் முன்பள்ளிக் கல்வி நடக்கிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. ‘சேவை’ என்று புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைப்பது நமக்குப் பழக்கமான தந்திரம். துப்புரவுப் பணியைப் புனிதம் என்றவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

சாதி இந்தத் தொழிலின் நடுவிலேயே இருக்கிறது. குழந்தை வீட்டைவிட்டு வந்து, மற்றவர் தொட, மற்றவர் சமைத்ததை, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் முதல் இடம் அங்கன்வாடி. அதனால்தான் அங்கே யார் சமைக்கிறார் என்பது சண்டையாகிறது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளியின் சத்துணவுச் சமையலராகத் தலித் பெண் வந்தபோது ஆதிக்க சாதியினர் எதிர்த்து நின்றதை நாடே பார்த்தது. மையம் ஊருக்குள் இருக்கிறதா, சேரியில் இருக்கிறதா என்பதும் சிறிய கேள்வி அல்ல. தலித், பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் விரைவில் அங்கன்வாடி அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபரில் ஆணையிட்டது. 2006 டிசம்பரில், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொழில்மயம் என்பது பட்டம் கேட்கிற வாசற்கதவாகவும் மாறலாம். கல்வித் தகுதியை ஒரே நாளில் உயர்த்தினால், பத்தாம் வகுப்போடு இருபது ஆண்டுகள் உழைத்த தலித் பெண் வெளியே நிற்பார். 2019இல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கி, உபரி இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியபோது அவர்கள் அதைத் தங்களுக்கான இறக்கமாகப் பார்த்து எதிர்த்தார்கள். அவர்களின் பணிநிலைக் கவலை நியாயமானதே. ஆனால் குழந்தை சிறியதாக ஆக ஆசிரியரின் மதிப்பும் சிறியதாகும் என்ற ஏணி அதில் வெளிப்பட்டது. படிநிலையை வைத்தே வேலையை அளக்கும் இந்தப் புத்தி நமக்குப் புதிதல்ல.

நமக்கு வேண்டியது, வேலையில் இருப்பவரை வெளியேற்றாத தொழில்மயம். ஊதியத்தோடு கூடிய பயிற்சி, அனுபவத்தைத் தகுதியாக ஏற்றல், உதவியாளர் பணியாளராகவும் பணியாளர் ஆசிரியராகவும் உயரும் வழி, கல்விக்கென ஒதுக்கப்பட்ட நேரம். தீண்டாமையை வகுப்பறையில் எப்படி எதிர்கொள்வது என்பது அந்தப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

செயல்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுங்கள். மையம் எங்கே இருக்கிறது, நம் குழந்தைகள் எங்கே உட்கார்கிறார்கள், எந்தத் தட்டில் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மையம் இல்லையென்றால் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். பணியாளர் சங்கங்கள் போராடும்போது கூட நில்லுங்கள். அது நம் குழந்தைகளுக்கான போராட்டம்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று. பள்ளியில் பட்ட அவமானங்களை நாம் ஏராளமாக எழுதியிருக்கிறோம். மூன்று வயதுக் குழந்தை மடியில் உட்கார்ந்து கேட்கிற கதைகளை அந்த அளவுக்கு எழுதவில்லை. நம் தாலாட்டும் விடுகதையும் தப்பின் தாளமும் ஏறிய சின்னப் புத்தகங்கள் அங்கன்வாடிக்குப் போகட்டும். அவற்றைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுகிற பெண்ணை ஆசிரியர் என்று அழைப்போம். ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் அவருக்குக் கேட்போம். ஜெய் பீம்.