மலிவு விளக்கின் மறுபக்கம்

கார்த்திகை தீபம் நெருங்கும்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைத்தெருக்களில் பேட்டரியில் எரியும் எல்.இ.டி. சரவிளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. கடந்த ஆண்டு நானும் ஒன்று வாங்கி வாசலில் கட்டினேன்.

அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. கார்த்திகை வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். நனைந்த சுவரில் 230 வோல்ட் சீரியல் விளக்கைத் தொங்கவிடுவது ஆபத்து. மூன்று பென்சில் பேட்டரிகள் தருவதோ 4.5 வோல்ட் மட்டுமே. மின்னதிர்ச்சி குறித்த அச்சமில்லை. மின் இணைப்பு இல்லாத மாடத்திலும் வைக்கலாம்.

ஆனால், மூன்றாம் இரவே என் விளக்கு மங்கியது. தொடர்ந்து பேட்டரி வாங்கியபோதுதான், மலிவானது சரம் மட்டுமே என்பது புரிந்தது. மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் பேட்டரிகளே சிக்கனமானவை. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் ஒளி சற்றுக் குறையும்; எனினும், நூற்றுக்கணக்கான முறை பயன்படும்.

செலவைவிடக் கவலைக்குரியது, சிறிய சரங்களில் உள்ள பொத்தான் பேட்டரி. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரம் உருவாகும். இரண்டே மணி நேரத்தில் திசு வெந்துவிடக்கூடும். சந்தேகம் எழுந்தாலே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கும், குப்பையில் கலக்காமல் பிரித்துக் கொடுக்கும் கடமையை நுகர்வோருக்கும் விதித்துள்ளன. விற்கும் கடைதோறும் ஒரு சேகரிப்புப் பெட்டி இருந்தால்தான் இரண்டும் கைகூடும். அதுவரை, கடந்த கார்த்திகையின் பேட்டரிகள் என் மேசை இழுப்பறையில் காத்திருக்கின்றன.